பாதி கழுவிய தாலி

அம்மாடி,

"உருக்கிடுங்க மாமா, ஒரு வளையல் போதும்" என்று நேற்று எழுதியிருந்தாய். ஆவணிக்குள் முடிக்கவேண்டுமாம். செய்கிறேன். முதலில், அன்று உன் தாலியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தபோது கிண்ணத்தில் சிவந்த தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அது ரத்தம் இல்லை. துருவும் இல்லை, 916 தங்கம் துருப்பிடிக்காது. கயிற்றிலிருந்து தாலியின் கீறல்களில் இறங்கியிருந்த மஞ்சள். சோப்பில் காரம் உண்டு, காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆரத்திக்குச் சுண்ணாம்பு கரைப்பதும் அதற்குத்தானே? எலுமிச்சை பிழிந்திருந்தால் மறுபடி மஞ்சளாகியிருக்கும். உன் முகம் போன போக்கைப் பார்த்தும் எனக்கு வாய் வரவில்லை. மன்னித்துக்கொள். அழுக்கெடுத்துத்தான் எடை போடவேண்டும், அது தொழில். ஆனாலும் உன்னைக் கேட்டுவிட்டுத் தேய்த்திருக்கலாம்.

அன்று உன்னோடு வந்தவர்களும் இதைப் படிப்பார்கள். யார் அவசரப்படுத்தினார்கள் என்று எழுதப்போவதில்லை. அவர்கள் பேசியதைக்கூட விட்டுவிட்டேன். "14 மாசக் கல்யாணம்தானே மாமா" என்று நீயே சொன்னாயே, அதுதான் இன்னும் ஆறவில்லை. பினாங்கு ஸ்திரீட்டில் உரைகல் வைத்திருக்கிற யாரையும் கேள். கல்லில் இழுத்தால் மாற்று, அதாவது தங்கத்தின் தரம்தான் தெரியும், எடை தெரியாது. சங்கிலிக்கு 24 அங்குலம் போதுமா, உனக்கு உறுத்தாதா என்று மூன்று தடவை வந்து கேட்டவன் உன் மாப்பிள்ளை. மாப்பிள்ளைகள் பொதுவாகக் கூலியைத்தான் கேட்பார்கள்.

வேலை இப்படி. தாலிக் குண்டு இரண்டிலும் அரக்கு இருக்கிறது. ஓட்டை போட்டு இளஞ்சூட்டில் வடித்த பிறகுதான் தங்கம் உருக்கும் மூசையில் வைப்பேன். அடைத்தபடி சூடேற்றினால் உள்காற்று விரிந்து வெடித்துத் தெறிக்கும். அரக்குப் போனால் எடை குறையும், பதறாதே. பற்றுவைத்து ஒட்டிய இடங்களில் மாற்றுக் குறைந்த ஒட்டுப்பொடி இருக்கும். அதோடு உருக்கினால் மொத்தமும் 916-க்குக் கீழே இறங்கிவிடும். அரிந்து தனியாகத் தந்துவிடுகிறேன். சுத்தத் தங்கம் உருக 1064 டிகிரி, இது கொஞ்சம் முன்னாலேயே இளகும். வெங்காரம் தூவி ஊற்றினால் நாலு கிராம் சொச்சம் நிற்கும். வளையல் வராது, மோதிரம்தான். வேறு தங்கம் சேர்த்து வளையலாக்கு என்று மட்டும் கேட்காதே. அதை வேறு கடையில் செய்துகொள்.

அன்று முன்பக்கம்தான் தேய்த்திருந்தேன், அதற்குள் நீ பிடுங்கிக்கொண்டாய். பின்பக்கத்து மஞ்சள் அப்படியே இருக்கும். நெருப்பில் போட்டால் புகையாகப் போய்விடும். கழுவாமல் கொண்டு வா. ஊசியால் எடுத்துச் சின்னச் சிமிழில் போட்டுத் தருகிறேன். அதை எடை போடமாட்டேன்.

மாமா