திருகோணமலைக்குச் சுற்றுலா வரும் ஆசிரியர்களுக்கு

அன்பான சேர், ரீச்சர்மாரே,

பள்ளி விடுமுறை தொடங்கினால் உங்கள் பஸ்கள் உப்புவெளியில் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் நிலாவெளிக்குப் போகின்றன. காலையில் கோணேசர் கோயில், அப்புறம் கன்னியா வெந்நீரூற்று, மத்தியானம் கடல். நல்ல பயணந்தான். ஆனால் அதே வீதியோரத்தில், இரண்டாம் உலகப் போரில் செத்த படைவீரர்களைப் புதைத்த போர் மயானத்தில் ஒரு பஸ்ஸும் நின்று நான் கண்டதில்லை. அங்கே அரை மணித்தியாலம் நிறுத்தச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்.

கோயிலுக்குப் போக பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் நடக்கிறீர்கள். பிள்ளைகள் மானைப் படம் எடுக்கிறார்கள். போர்த்துக்கேயர் கட்டினார்கள், ஒல்லாந்தர் பிடித்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள் என்று சொல்லிக்கொடுக்கிறீர்கள். கதை அதோடு நின்றுவிடுகிறது. யப்பானியர் இங்கே குண்டு போட்ட 1942 ஏப்ரல் 9 யாருடைய வாயிலும் வருவதில்லை.

அதற்கு நான்கு நாள் முன்பு யப்பானியர் கொழும்பில் குண்டு போட்டிருந்தார்கள். 8ஆம் திகதி அவர்களுடைய கப்பற்படை மறுபடியும் கண்ணில் பட்டதும், அன்றிரவே ஆங்கிலேயர் இங்கே துறைமுகத்தில் இருந்த கப்பல்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை நூற்றுக்கும் மேற்பட்ட யப்பானிய விமானங்கள் வந்தன. சீனன்குடா விமானத்தளத்திலிருந்து ஆங்கிலேயரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் எழும்பிப் போய் மோதின. துறைமுகத்தில் எரிந்த சகாயிங் என்ற சரக்குக் கப்பலைப் பிறகு நீரில் அமிழ்த்தி இறங்குதுறையாகப் பயன்படுத்தினார்கள். 2018இல் இலங்கைக் கடற்படை அதை மேலே தூக்கியது.

மட்டக்களப்பிலிருந்து வரும் ஆசிரியர்களுக்கு ஒன்று. தப்பிக்கவென்று இங்கிருந்து அனுப்பிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் உங்கள் கரைக்கு அப்பால்தான் மூழ்கியது. அப்போது அதில் ஒரு போர் விமானமும் இல்லை. செத்தவர்கள் 307 பேர்.

அன்று சீனன்குடா எண்ணெய்க் குதங்களில் ஒன்றின்மேல் யப்பானிய விமானம் விழுந்து எரிந்ததை வழிகாட்டிகள் 'தற்கொலைத் தாக்குதல்' என்று சொல்வார்கள். அடிபட்ட விமானத்தை விமானி வேண்டுமென்றே திருப்பினானா, அது தானாக விழுந்ததா என்று மாணவர்களையே வாதாட விடுங்கள். விமானத்தோடு போய் மோதிச் சாகும் யப்பானியரின் காமிகாசே படை உருவானது 1944 ஒக்டோபரில் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள். வரலாறு படிக்கும் உயர்தர மாணவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

மயானத்தில் பெரிய விளக்கம் எதுவும் தேவையில்லை. கல்லில் இருக்கும் வயதை வாசிக்கச் சொல்லுங்கள், போதும். பலர் உங்கள் பிள்ளைகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்கள்.

கோயிலுக்கு முன்னமே, காலையோடு வந்துவிடுங்கள். பத்து மணி தாண்டினால் வெயில் நிற்க விடாது.

உப்புவெளிவாசி ஒருவன்