மதில் கட்டுகிறவர்களே, ஒரு பொட்டு விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்து இரண்டு மழையும் விழுந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இப்போது இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று, மாரித் தோட்டத்துக்காக வளவைத் துப்புரவாக்கிக் கத்தரியும் மிளகாயும் நடுவது. மற்றது, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டுவது. இந்த இரண்டு வேலையும் செய்கிறவர்களிடம் நான் ஒன்று கேட்க வேண்டும். முக்கியமாக, பிராணிகள் போய்வர மதிலின் அடியில் ஒரு பொட்டு, அதாவது ஒரு சின்னத் துவாரம், விடுங்கள் என்பதுதான். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் இலங்கையின் வடக்கே விசுவமடுவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. போன வருடம் புரட்டாதியில் லண்டனில் இருக்கும் மகளிடம் போய், மாசி மட்டும் அங்கே நின்றேன். அந்தக் குளிரில் யார் தோட்டம் செய்யப்போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டில் எண்பது வயது தாண்டிய ஒரு முதியவர் தனியாக இருந்தார். கார்த்திகை மாதம், நான் இரண்டு கம்பளிச் சட்டை போட்டும் நடுங்கிக்கொண்டு நின்ற ஒரு காலையில், அவர் முழங்காலில் இருந்து உள்ளிப் (பூண்டு) பற்களை ஒவ்வொன்றாக மண்ணில் ஊன்றிக்கொண்டிருந்தார். உள்ளிக்குக் குளிர் படவேண்டுமாம், அப்போதுதான் பல் பிரியுமாம். அன்றிலிருந்து பேத்தியை மொழிபெயர்க்க நடுவில் வைத்துக்கொண்டு அவரோடு வேலிக்கு மேலால் கதைக்கத் தொடங்கினேன்.

அவருடைய வளவு எங்கள் கண்ணுக்குக் கூட்டாத வளவு. விழுந்த சருகையெல்லாம் வேலியோரம் ஒதுக்கிக் குவித்திருந்தார். பூத்துச் செத்த செடிகளின் தண்டுகளை வெட்டவில்லை. ஒரு மூலையில் பழைய மரக்கட்டைகள் உக்கிக் கிடந்தன. ஏன் இப்படி விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். முள்ளெலிக்கு என்றார்.

முள்ளெலி எங்கள் நாட்டில் இல்லை. தமிழ்நாட்டின் வறண்ட இடங்களில் வேறு ஓர் இனம் உண்டு. முள்ளம்பன்றி என்று நினைத்துவிட வேண்டாம், அது வேறு. இது ஒரு சின்னத் தேங்காய் அளவுதான். பயந்தால் முள்ளுப் பந்தாகச் சுருண்டுவிடும். வண்டு, மயிர்க்கொட்டி, பயிர் தின்னும் ஓடில்லா நத்தை எல்லாம் தின்னும். நவம்பரிலிருந்து மார்ச் அளவும் சருகுக் குவியலுக்குள் கூடு கட்டி உறங்கும். விழித்திருக்கும்போது நிமிடத்துக்கு 190 தரம் அடிக்கும் இதயம், அந்த உறக்கத்தில் 20 தரம் அளவுக்கு இறங்கிவிடுமாம். அந்த நேரம் யாராவது சருகைக் கிளறினாலோ கொளுத்தினாலோ அதனால் ஓட முடியாது. அதனால் நவம்பர் 5ஆம் திகதி அங்கே சொக்கப்பனை போலப் பெரிய நெருப்பு மூட்டும் வழக்கம் இருக்கிறதே, அதற்கு முதல் விறகுக் குவியலை முழுதாக வேறு இடத்துக்கு மாற்றி அடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பற்றவைக்கச் சொல்கிறார்கள்.

2020இல் பிரித்தானியாவில் இந்தப் பிராணியை அழியக்கூடிய ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்றுதான் என் மனத்தில் தைத்தது. வளவுக்கு வளவு அடைப்பான வேலி. முள்ளெலி இரை தேடி ஓர் இரவில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் நடக்கும். ஒரு வளவுக்குள்ளேயே அடைபட்டால் அதற்குச் சீவியம் இல்லை. அதனால் சனங்கள் தங்கள் வேலியின் அடியில் 13 சென்ரிமீற்றர் அகலம், 13 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு துவாரம் வெட்டிவிடுகிறார்கள். முதியவரும் என் மகளின் வளவுக்கு வரும் பலகை வேலியில் வெட்டியிருந்தார். குனிந்து பார்த்தேன். இது எங்கள் வேலிப் பொட்டு அல்லவா! கோழி போகவும் நாய் வரவும் எங்கள் ஊரில் கேட்காமலே விழுகிற பொட்டை, அங்கே அளவுகோல் வைத்து வெட்டுகிறார்கள்.

பேத்தி ஒரு நாள் அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் பால் வைத்தாள். முதியவர் ஓடிவந்து எடுத்துவிட்டார். பால் அதற்குச் செமிக்காது, வயிற்றால் போகும், தண்ணீர் வை என்றார். அன்பாகத்தான் செய்தாள் பிள்ளை. ஆனால் வருகிற உயிருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று கேட்டுச் செய்ய வேண்டும் என்பதை நானும் அன்றுதான் யோசித்தேன்.

சரி, என் வளவுக்கு வருகிறேன்.

2010 கடைசியில் போரில் இடம்பெயர்ந்திருந்த நாங்கள் செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வளவில் கிணறு மட்டும் இருந்தது. வேலி இல்லை, எல்லையும் தெரியவில்லை. என் கணவர் அந்த மாரியிலேயே சீமைக்கிளுவையும் பூவரசும் வெட்டிவந்து கதியால் போட்டார், அதாவது துளிர்க்கும் தடிகளை வேலியாக நட்டார். வீட்டுக்குக் கூரை போடுவதற்கு முதலே வேலிக்குத்தான் அலவாங்கு எடுத்தார். பத்து வருடத்தில் அது தழைத்து, வெட்டிய குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் போனது. வேலியடி எப்போதும் சருகும் நிழலுமாக இருக்கும். அதற்குள்தான் செண்பகப் பறவை காலையில் நடந்து திரியும். அது நத்தை தின்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பெரிய ஆபிரிக்க நத்தையைக் காலால் அமத்திப் பிடித்துக்கொண்டு, சொண்டை உள்ளே விட்டுச் சதையை உருவி எடுக்கும். ஓடு மட்டும் வேலியடியில் வெள்ளையாகக் கிடக்கும்.

நான் லண்டனில் நின்ற காலத்தில் மகன் வேலியைப் பிடுங்கி, தெருப்பக்கம் மதிலும் மற்றப் பக்கங்களுக்குத் தகரமும் அடித்துவிட்டான். கட்டாக்காலி மாடுகள் வந்து பயிரை அழிக்கிறது, அம்மா தனியாக இருக்கிறா என்ற யோசனைதான் அவனுக்கு. நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த முதல் மழையோடு நத்தை வந்தது, செண்பகம் வரவில்லை. இப்போது பின்னேரங்களில் ஈரச்சாக்கில் பப்பாசித் தோல் போட்டு வைத்து, விடிய அதன் கீழே சேருகிற நத்தைகளைக் கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத்தண்ணி வாளிக்குள் போடுகிறேன். பிள்ளைகள் வெறுங்கையால் தொடக்கூடாது. நத்தையில் மனிதரின் மூளை வரை போகக்கூடிய ஒரு புழு இருக்கலாம்.

இரண்டு கிழமைக்கு முதல் நடந்ததைச் சொல்ல வேண்டும். மழை விட்ட இரவு, ஈசல் பறந்துகொண்டிருந்தது. பத்து மணி இருக்கும். பின்பக்கத் தகரத்தில் யாரோ நகத்தால் விறாண்டுவது போலச் சத்தம். கொஞ்சம் நிற்கும், தள்ளிப்போய் மறுபடி கேட்கும். நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்தது. ரோச் அடித்துப் பார்த்தால் ஓர் அழுங்கு, உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புதின்னி. எப்போது எங்கள் வளவுக்குள் வந்ததோ தெரியாது, படலை திறந்திருந்த நேரமாக இருக்கலாம். வெளியே போக வழி இல்லாமல் தகரத்தின் அடியை மூலைக்கு மூலை முகர்ந்துகொண்டு திரிந்திருக்கிறது. நாயைக் கண்டதும் சுருண்டுவிட்டது. பெரிய அன்னமுன்னாப் பழம் ஒன்று மண்ணில் கிடந்தது போல இருந்தது. செதில் ஒவ்வொன்றும் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்க, விளிம்புகளில் செம்மண் ஒட்டியிருந்தது. வாலால் தலையை மூடிக்கொண்டு அப்படியே இறுகிக் கிடந்தது. ‘அழுங்குப் பிடி’ என்றால் விடாப்பிடி என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். அந்தப் பிடியை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

சத்தம் கேட்டு வந்த ஒருவர், இறைச்சி நல்லது ரீச்சர், விட்டுவிடாதீர்கள் என்றார். நான் மறுத்துவிட்டேன். அழுங்கைப் பிடிப்பதும் கொல்வதும் வனசீவராசிகள் சட்டப்படி குற்றம். 2016இல் உலக நாடுகள் கூடி எல்லா அழுங்கு இனங்களின் சர்வதேச வியாபாரத்தையும் தடைசெய்ய முடிவெடுத்ததும் அது அழிந்துகொண்டு வருவதால்தான். சட்டம் இல்லாவிட்டாலும் விட்டிருப்பேன். அதன் சாப்பாடு எறும்பும் கறையானும். வீட்டு மரத்தில் ஏறுகிற கறையானுக்கு நாங்கள் காசு கொடுத்து மருந்து வாங்கி ஊற்றுகிறோம்.

நாயைக் கட்டிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, விறாந்தையில் இருந்தோம். கால் மணித்தியாலம் அது அசையவில்லை. பிறகு மூக்கு வந்தது, முன்னங்கால் வந்தது. மீண்டும் அதே தகரம், அதே விறாண்டல். மகன் சத்தமில்லாமல் போய் மூலைத் தகரத்தின் அடியை அலவாங்கால் நெம்பிப் பிடித்தான். அது வயிறு மண்ணில் தேய அந்த வழியால் போனது.

அடுத்த நாளே மகன் அந்த மூலையில் தகரத்தை வெட்டி, கூர் விளிம்பை மடித்து அடித்து, நிரந்தரமாக ஒரு பொட்டு வைத்தான். தெருவுக்குப் போகிற பிராணி வாகனத்தில்தான் அடிபடும், ஆகவே தெருப்பக்கம் வேண்டாம், காணிப் பக்கந்தான்.

மதில் கட்டுகிறவர்களிடம் நான் கேட்பதும் இவ்வளவுதான். பின்பக்கம், வீட்டுக்குத் தூரமான மூலையில், நிலமட்ட வரிசையில் ஒரு சீமெந்துக் கல்லை வைக்காமல் விடுங்கள். கீரிக்கும் ஆமைக்கும் அழுங்குக்கும் அந்த இடம் போதும். மாரி வெள்ளம் வடியவும் அதே வழி உதவும். மதில் கட்டிய பிறகு வளவுக்குள் தண்ணீர் நிற்கிறது என்று வருந்துகிற வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று இருக்கின்றன.

பாம்பு வரும் என்று மேசன் சொன்னார். பாம்பு படலைக்குக் கீழாலும் வரும். புடையன் என்கிற விரியன் பாம்புக்கு நானும் பயந்தவள்தான். அதனால் லண்டன் முதியவர் செய்ததை அப்படியே இங்கே செய்யச் சொல்ல மாட்டேன். சருகுக் குவியல் வீட்டுக்குக் கிட்ட வேண்டாம், வளவின் கடைசியில் இருக்கட்டும். கையை உள்ளே விடவேண்டாம், நீளத் தடி வைத்திருங்கள், இரவில் ரோச் இல்லாமல் இறங்க வேண்டாம். பொட்டு வழியே முள்ளம்பன்றி வந்து மரவள்ளியைக் கிண்டும் என்பதும் உண்மை. எனக்கு இரண்டு மூடு போய்விட்டது. மரவள்ளிக்கு மட்டும் சுற்றிவரத் தனியாக அடைத்திருக்கிறேன்.

குப்பை கொளுத்துகிறவர்களுக்கும் ஒன்று. ஆவணியில் வளவைக் கூட்டிக் குவித்த சருகு ஒரு கிழமை அப்படியே கிடந்தது. பற்றவைக்கப் போகும்போது முதியவரின் நினைவு வந்து, தடியால் குவியலை மறுபக்கம் புரட்டினேன். அடியில், முதுகில் நட்சத்திரக் கோலம் போட்ட ஓர் ஆமை, வெயிலுக்கு ஒதுங்கிக் கிடந்தது. கையிலிருந்த நெருப்புப்பெட்டியைப் பார்க்க எனக்கு உடம்பு பதறிவிட்டது. எத்தனை வருடம் புரட்டாமல் கொளுத்தியிருக்கிறேன்! இப்போது கொளுத்துவதே இல்லை, சருகைக் கத்தரிப் பாத்திக்கு மூடாக்காகப் போடுகிறேன்.

பாத்தியைச் சுற்றிக் கோழிக்காகக் கட்டும் பழைய மீன்வலையும் இப்படித்தான். முல்லைத்தீவிலிருந்து மலிவாக வருகிறது, எல்லோரும் கட்டுகிறோம். போன கிழமை என் வலையில் ஒரு சாரைப்பாம்பு கழுத்து இறுகிச் செத்துக் கிடந்தது. எலி பிடிக்கிற பாம்பு. சாரை பகலில் திரிவதுதான், ஆனால் அழுங்கு போல வேறு பல உயிர்கள் இரவில்தான் திரியும்; கோழியோ பகலில்தான் கிளறும். ஆகவே கோழியைக் கூட்டில் அடைத்ததும் வலையை ஒரு முழம் உயரத்துக்குச் சுருட்டிக் கட்டிவிடுகிறேன், விடிய இறக்குகிறேன். இரண்டு நிமிட வேலை.

கார்த்திகை மழை பிடிக்க முதல் அத்திவாரம் போட்டுவிட வேண்டும் என்று பலர் அவசரப்படுகிறார்கள். அதனால் இந்தக் கடிதத்தை இந்தக் கிழமைக்குள் பிரசுரித்தால் பெரிய உதவி. எங்கள் பின்வளவுக்காரர் வருகிற திங்கட்கிழமை மதில் வேலை தொடங்குகிறார். அவருடைய மதில், மகன் வெட்டிய பொட்டுக்கு நேரே வருகிறது. நேற்றுப் போய்க் கதைத்தேன். அந்த இடத்தில் ஒரு கல் விடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
விசுவமடு.