18 வயசு முடிஞ்ச ஹோம் பசங்களுக்காக ஒரு திறந்த மடல்

குழந்தைகள் இல்லம் நடத்துற பெரியவங்களுக்கும், மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல வேலை பாக்கற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான் கோயமுத்தூர் கணபதி பக்கம் சின்னதா ஒரு லேத் பட்டறை வெச்சிருக்கேன். ஹோம்ல வளந்து ஐடிஐ முடிச்ச பசங்க அப்பப்ப எங்கிட்ட வேலைக்கு வருவாங்க. வேலைல குறையே சொல்ல மாட்டேன், அளவு பாக்கற வெர்னியர புடிக்கிற கையப் பாத்தாலே ஒழுங்கா படிச்சவன்னு தெரிஞ்சிரும். சிக்கல் எல்லாம் சாயங்காலம் ஷட்டர இறக்குன பிறகு தான், ஏன்னா அவனுக்கு போறதுக்கு எடம் இல்ல.

போன வருஷம் ஒரு பையன் வந்தான், பேரு வேண்டாம். ஒரு பேகு, ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதுல டிசி, மார்க் ஷீட், ஆதார் எல்லாம் பத்திரமா இருக்கு. சம்பளத்த பேங்க்ல போடலாம்னு கூட்டிட்டு போனா ஓடிபியே வரல, என்னடான்னு பாத்தா ஆதார்ல இருக்கிறது அவனோட ஹோம் வார்டன் நம்பர், அந்த வார்டனும் வேலைய விட்டு போயிட்டாரு, நம்பர் ஸ்விட்ச் ஆஃப். மைனரா இருந்தப்ப போட்டுக் குடுத்த பழைய அக்கவுண்டுக்கும் அதே நம்பர் தான். ஐடிஐ படிக்கிறப்ப வர வேண்டிய தமிழ்ப் புதல்வன் 1,000 ரூபாய் மாசா மாசம் ஏறுச்சான்னு கூட அவனுக்கு தெரியல, மெசேஜ் எல்லாம் அந்த போனுக்கு தான போயிருக்கும். ஆதார் சென்டர்ல கைரேகை வெச்சா நம்பர் மாத்திக் குடுத்துருவாங்க, பெரிய வேலையே கிடையாது, ஆனா அதச் சொல்ல அவனுக்கு ஒரு ஆளு இல்ல.

அப்புறம் ரூம். ஒரு வீட்ல அட்வான்ஸ் எல்லாம் பேசி முடிச்சாச்சு, அந்த அக்கா தங்கமானவங்க தான், "வீட்ல பெரியவங்கள ஒருக்கா வரச் சொல்லு கண்ணு, பேசிட்டு சாவி தர்றேன்"னாங்க. இவன் "யாரும் இல்லைங்க்கா, ஹோம்ல வளந்தேன்"னு சொன்னதும் அவங்க மொகம் மாறிப்போச்சு, வீட்டுக்காரர்ட்ட கேக்கணும்னாங்க, அப்புறம் போனே எடுக்கல. கடைசில நான் போயி நின்னு வேற எடத்துல எழுதிக் குடுத்து எடுத்தோம். அது வரைக்கும் பட்டறைலயே அட்டைப்பொட்டிய விரிச்சு படுத்துக்கிட்டான்.

இதுல எனக்கு ஆத்திரமே என்னன்னா, இதுக்கெல்லாம் வழி ஏற்கனவே இருக்கு. 2015 இளைஞர் நீதிச் சட்டத்துல 46வது பிரிவு, 18 முடிஞ்சு இல்லத்த விட்டு போறவங்களுக்கு பண உதவி பண்றதப் பத்தியே தான் பேசுது. மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல ஆஃப்டர் கேர்னு, அதாவது இல்லத்த விட்டு வந்த பிறகு குடுக்கற உதவியா, மாசம் 4,000 ரூபாய், 21 வயசு வரைக்கும், ரொம்ப தேவைப்பட்டா 23 வரைக்கும். எனக்கே தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் சொல்லித் தான் தெரியும், இந்தப் பையன் அப்படி ஒண்ணு இருக்குன்னே கேள்விப்பட்டதில்ல. 10 வயசுக்கு முன்னாடி பெத்தவங்கள இழந்து, பாத்துக்க வேற ஆளு இல்லாம, அரசு அங்கீகாரம் உள்ள இல்லத்துல வளர்ற பிள்ளைங்களுக்கு நம்ம தமிழ்நாட்டு பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்லயே இடம் இருக்கு. அந்த சர்டிபிகேட்ட ஹோம்ல இருக்கும்போதே லெட்டர்பேட், ரெக்கார்டு எல்லாம் கைல இருக்கறப்ப வாங்கிரலாம். வெளிய வந்துட்டு தாலுகா ஆபீஸ்ல போயி நின்னா மொத கேள்வியே அப்பாவோட சாதிச் சான்றிதழ் எங்கன்னு தான்.

உங்க கஷ்டம் புரியாம பேசல. ஆளு பத்தாது, ஆடிட்டு, இன்ஸ்பெக்‌ஷன்னு ஃபைலுக்கே பாதி நாள் போயிரும். நல்லாத்தான் வளத்து விட்டிருக்கீங்க, காலைல எனக்கு முன்னாடி வந்து கூட்டி வெச்சிருப்பான். ஆனா கைல காசு குடுத்து செலவு பண்ணவே பழக்கல. மொத சம்பளத்துல மூணு ஜோடி செருப்பு வாங்கிட்டு வந்தான்! திட்டலாம்னு வாயத் தொறந்தேன், இது வரைக்கும் அவனுக்கு புடிச்ச செருப்ப அவனே எடுத்ததில்லைன்னான், விட்டுட்டேன்.

அதனால கேக்கறது இது தான். 17 ஆனதுமே அவன் நம்பர ஆதார்லயும் பேங்க்லயும் மாத்துங்க, சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வைங்க, ஆஃப்டர் கேர் மனுவ அவன் ஹோம் கேட்டைத் தாண்டறதுக்கு முன்னாடியே போட்டுருங்க. வெளிய போன பிறகு கூப்பிட்டா எடுக்கற மாதிரி ஒரு ஆளோட பேரும் நம்பரும் எழுதிக் குடுங்க, அந்த ஆளு மாறுனா புது ஆளு அவனுக்கு போன் பண்ணி நான் தான்பான்னு சொல்லணும். வீடு பாக்கறப்ப பாதுகாப்பு அலகுல இருந்து ஒருத்தர் கூட வந்து நின்னா போதும், அந்த அக்கா மாதிரி ஆளுங்களுக்கு அது ஒரு தைரியம். காசெல்லாம் அதுக்கப்புறம் தான்.

எங்க பட்டறைல இப்ப ரெண்டு பேருக்கு எடம் இருக்கு, டர்னர், ஃபிட்டர் எது படிச்சிருந்தாலும் சரி, பக்கத்து பட்டறைக்காரங்கள்ட்டயும் பேசி வெச்சிருக்கேன். சம்பளம், இஎஸ்ஐ, பிஎஃப் எல்லாம் எழுத்துலயே தர்றோம். மே மாசம் ரிலீஸ் ஆகற பசங்க லிஸ்ட்ட இப்பவே குடுத்தீங்கன்னா ரூம் தேட டைம் கெடைக்கும்.