புதாற்றங்கரையில் ஒரு சைக்கிள் போக வழி

கல்லணைக் கால்வாயைப் பார்த்துக்கொள்ளும் நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஓடக் கூடாது, அடிக்கடி படி ஏறக் கூடாது, சைக்கிள் ஓட்டலாம், ஆனால் மேடு மட்டும் வேண்டாம் என்றார் டாக்டர். தஞ்சாவூர்க்காரனிடம் மேடு வேண்டாம் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். இங்கே மேடு எங்கே இருக்கிறது? நானும் அப்படித்தான் நினைத்தேன், முழங்கால் மேடுகளை எண்ணத் தொடங்கும் வரை.

திருவையாற்றுக்கு இங்கிருந்து பதின்மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வழியில் ஐந்து ஆறு, ஐந்து பாலம். பஸ்ஸில் போகிறவருக்கு அது புண்ணியம். சைக்கிளில் போகிறவருக்கு ஒவ்வொரு பாலமும் ஒரு குட்டி மேடு. வல்லம் பக்கம் திரும்பினால் தரையே உயர்ந்துகொண்டு போகிறது. திருச்சி நான்குவழிச் சாலை அகலமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் சைக்கிள் ஓட்ட முழங்காலைவிட நெஞ்சுத் துணிவு அதிகம் வேண்டும். கல்லணை–பூம்புகார் சாலை காவிரிக் கரையை ஒட்டியே போகிறது, அழகில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் எதிரே பஸ் வந்தால் நான் ஆற்றுப் பக்கம் ஒதுங்க வேண்டும். ஒரு தடவை ஒதுங்கினேன். போதும் என்று ஆகிவிட்டது.

அப்புறம்தான் புத்தி வந்தது. மட்டமான வழி வேண்டுமென்றால் தண்ணீர் போகும் வழியைத் தேட வேண்டும். ஆறு தன் இஷ்டத்துக்கு வளைந்து போகும். கால்வாய் அப்படியல்ல. தண்ணீர் தானாக நடந்து போக எவ்வளவு சரிவு வேண்டுமோ அவ்வளவே கொடுத்து, மட்டம் பார்த்து மனிதன் வெட்டியது. அதன் கரையும் அதே மட்டத்தில் கூடவே வரும். அதாவது 1934-ல் மேட்டூர் அணையோடு இந்தக் கால்வாயைக் கொண்டுவந்த பொறியாளர்கள், தங்களுக்கே தெரியாமல், தேய்ந்த முழங்கால்காரர்களுக்கென்று கல்லணையிலிருந்து புதுக்கோட்டை மாவட்டம் மும்பாலை வரை ஏறக்குறைய 148 கிலோமீட்டர் மட்டமான பாதை ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்கள் ஏட்டில் அது கல்லணைக் கால்வாய். தொண்ணூறு வருஷம் ஆகியும் எங்களுக்கு அது புதாறுதான்.

நான் தேடிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். போனில் வரைபடத்தைத் திறந்து செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றினேன். கால்வாயை ஒட்டி வெளிறிய கோடு தெரிந்தால் கரையில் வண்டித்தடம் இருக்கிறது என்று அர்த்தம். கோடு பச்சையில் மறைந்தால் ஒன்று மரம், இல்லையென்றால் முள். இரண்டில் எது என்று படம் சொல்லாது. அதற்கு ஆளைத்தான் கேட்க வேண்டும். பூதலூர் பக்கம் ஷட்டர் அருகே உட்கார்ந்திருந்த, மதகு திறந்து மூடும் லஸ்கர் ஒருவரைக் கேட்டேன். "அண்ணே, இந்தக் கரையிலேயே போனா தஞ்சாவூர் போயிடலாமா?" அவர் என்னையும் சைக்கிளையும் ஒரு பார்வை பார்த்தார். "போலாம் சார். ஆனா நீங்க போற வேகத்துக்குத் தண்ணி முந்திக்கும்."

தண்ணீர் முந்தவில்லை. முள்தான் முந்திக்கொண்டது. அன்றைக்கு மூன்று பஞ்சர், மூன்றும் சீமைக்கருவேல முள். மூன்றாவதற்கு ஒட்டத் துண்டு தீர்ந்துபோய், ஐந்து கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். முழங்காலுக்கு எது கூடாதோ அதை அன்று நிறையச் செய்தாயிற்று. இதற்கு யாரையும் குறை சொல்ல வரவில்லை. சீமைக்கருவேலம் யாருக்கும் அடங்காது என்பது டெல்டாவில் எல்லாருக்கும் தெரியும்.

அதற்கப்புறம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பெரிய கோயிலுக்கு எதிரே தொடங்கி மேற்கே கல்லணை வரை நாற்பது கிலோமீட்டர் வாக்கில் வரும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஓட்டியதில்லை, துண்டு துண்டாகத்தான். பல இடங்களில் கரை உயரம், வயல் தாழ்வு. சீட்டில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கண்ணுக்குக் கீழே நடவு வயல். வனத்துறை வைத்த தேக்குகள் வரிசையாக நிற்கும் இடங்களில் வெயில் தெரியாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜனவரி 28-ல் மேட்டூரை மூடியதும் கால்வாய் வற்றும், அதே பருவத்தில்தான் தேக்கும் இலையை உதிர்க்கும். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து, மூன்று நான்கு நாளில் கல்லணையிலும் திறக்கும்போது தேக்கு பெரிய பெரிய இலைகளோடு நிற்கும். தண்ணீரும் நிழலும் சேர்ந்து வந்து சேர்ந்து போகின்றன. தேதி எல்லா வருஷமும் ஒன்றுபோல் இல்லை என்பது உண்மைதான். 2022-ல் மே 24-க்கே திறந்தார்கள். காவிரி அரசியல் பேச இந்த மடலில் இடம் இல்லை.

காற்றையும் சொல்ல வேண்டும். மட்டமான ஊரில் காற்றுதான் மலை. ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, என் வேகம் பறந்துவிடும். தஞ்சாவூரிலிருந்து கல்லணைப் பக்கம் போனால் முகத்தில் அறையும், திரும்பும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும். கால் புதிதாக இருக்கும்போது எதிர்காற்று, சோர்ந்தபோது தள்ளுகாற்று. இதைவிட நல்ல ஏற்பாடு வேறு இல்லை. ஒரத்தநாடு பக்கம் போகிறவர்களுக்கு அப்படியே தலைகீழ். அவர்களுக்கு என் அனுதாபம். ஐப்பசி, கார்த்திகையில் காற்று திசை மாறும், ஆனால் அப்போது கரை மண் சகதியாகி மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் ஒருவன் முழங்காலுக்காக மடல் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். கரையில் நான் பார்க்கும் சைக்கிள்களில் ஹெல்மெட்டும் இறுக்கமான சட்டையும் போட்டவர்கள் வாரத்துக்கு ஒருவர் இருவர்தான். மற்றவர்கள் எல்லாம் அரசு கொடுத்த சைக்கிளில் போகும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள், பால் கேன் மாட்டியவர்கள், வயலுக்குப் போகிறவர்கள், மதகைப் பார்க்கக் கிளம்பிய பெரியவர்கள். இவர்கள் வண்டிச் சாலைக்குப் பயந்து கரைக்கு வருகிறார்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சைக்கிள் கொடுக்கிறோம், அதை எந்த வழியில் ஓட்டுவது என்பதை மட்டும் அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிட்டோம். கரை உங்கள் துறை நிலம், அது பொதுச் சாலை இல்லை, தண்ணீரைத் தாங்குவதுதான் அதன் முதல் வேலை. இதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சைக்கிள் கரையை உடைப்பதில்லை. கரையைக் கெடுப்பது லோடு ஏற்றிய டிப்பர். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் எதிரியும் எங்கள் எதிரியும் ஒருவர்தான்.

அதனால் நான் கேட்பது சைக்கிள் பாதைத் திட்டம் அல்ல. தயவுசெய்து சிவப்பு, பச்சை ஓடு பதிக்க வேண்டாம். நுழைவு வளைவு வேண்டாம், செல்ஃபி எடுக்க ஆங்கில எழுத்து வேண்டாம். தாரும் வேண்டாம். தார் போட்ட மறுமாதமே கரை காருக்குக் குறுக்குவழி ஆகிவிடும். மண்ணின் மேல் ஒரு சைக்கிளும் எதிரே ஒரு சைக்கிளும் போகும் அகலத்துக்குக் கிராவல் கொட்டி இறுக்கிவிட்டால் மழைக்காலச் சகதிக்கு அதுவே போதும்.

பாலத்தில் கரை ஏறும் இடங்களில் இரண்டு கல்லை மூன்றடி இடைவெளியில் நட்டால் பால் கேன் மாட்டிய சைக்கிளும் நுழையும், கார் நுழையாது. பைக் நுழையத்தான் செய்யும், அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அறுவடை மிஷினும் டிராக்டரும் கரைமேல் போயே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. அங்கே கல்லுக்குப் பதிலாகப் பூட்டுப் போட்ட இரும்புக் குழாய் வைத்துச் சாவியை லஸ்கரிடம் கொடுக்கலாம். சங்கிலி மட்டும் வேண்டாம், அந்தி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத சங்கிலி கழுத்துக்கு எமன்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது ஒன்று இருக்கிறது. முன்பு மண் கரை. யாராவது உள்ளே விழுந்தால் புல்லையோ வேரையோ பிடித்து ஏறிவிடலாம். 2021-ல் 2,640 கோடி ரூபாய் மதிப்பில் அடிக்கல் நாட்டிய புனரமைப்புத் திட்டத்தில் கரைச் சரிவுக்குக் கான்கிரீட் வந்தது. அடித்தளத்துக்கும் கான்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் என்னாவது என்று விவசாயிகள் கேட்டார்கள். அந்த வாதத்தை என்னைவிட நன்றாகப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது சரிவைப் பற்றி. பாசி பிடித்த கான்கிரீட் சரிவில் நீச்சல் தெரிந்தவனுக்கும் கால் நிற்காது. தண்ணீர் வேகமாகப் போகும்போது பிடிக்க ஒன்றும் இல்லை. சைக்கிள் வந்தாலும் வராவிட்டாலும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும் கரை இது. ஊரை ஒட்டிய இடங்களிலாவது நூறு நூற்றைம்பது மீட்டருக்கு ஒரு படி வரிசை, பக்கத்தில் பிடிக்க ஒரு இரும்பு வளையம் வேண்டும். பழைய ஆற்றங்கரைகளில் நம் முன்னோர் படித்துறை கட்டியது குளிப்பதற்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

இன்னும் ஒரு சின்ன விஷயம். உங்கள் எஸ்டிமேட்டுகளில் நெடுகை என்று ஒரு தூரக் கணக்கு வருமே, அதற்கான கற்கள் கரையில் அங்கங்கே நிற்கின்றன. எழுத்து அழிந்து, பாதி மண்ணுக்குள். அவற்றைத் தோண்டி நிமிர்த்தி, வெள்ளையடித்து, எண்ணோடு அடுத்த ஊர்ப் பெயரையும் தமிழில் எழுதிவிட்டால் போதும், வழிகாட்டிப் பலகை தனியே வேண்டியதில்லை. யாராவது விழுந்து கிடந்தால் எந்த இடம் என்று ஆம்புலன்ஸுக்குச் சொல்லவும் அது உதவும். இப்போது "பெரிய புளியமரத்துக்கு அடுத்த வளைவு" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிலும் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் அடையாளம் சொன்ன மரங்களே பல இல்லை. விழுந்த இடங்களில் புதிதாக எது நட்டாலும் சரி, நிழல் கரைமேல் விழுகிற பக்கமாகப் பார்த்து நடுங்கள்.

வெளிநாட்டு உதாரணம் சொன்னால் உங்களுக்கு அலுக்கும், ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். சிங்கப்பூரில் மழைநீர்க் கால்வாய்களைப் பராமரிக்க விட்டிருந்த ஓர நிலத்தையே பூங்கா இணைப்புப் பாதைகளாக்கினார்கள். கால்வாய் வேலையும் நிற்கவில்லை, சைக்கிளும் போகிறது. புதிதாக நிலம் எடுக்கவில்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. இங்கேயும் நிலம் இருக்கிறது, மட்டம் இருக்கிறது, தண்ணீரும் நிழலும் இருக்கின்றன. மிச்சம் முள்வெட்டு, கிராவல், கல், படி.

இந்த வேலைகளை இப்போது தொடங்கினால்தான் உண்டு. கால்வாய் வற்றிக் கிடக்கும் இந்த மாதங்களில்தான் தூர்வார மிஷின் இறங்குகிறது, கரைக்கும் ஆள் வருகிறது. வாரிய மண்ணைக் கரைமேல் குவியலாக விட்டுவிடாமல் பரப்பச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். முதலில் தஞ்சாவூர் இர்வின் பாலத்திலிருந்து பூதலூர் வரை மட்டும் செய்து பாருங்கள். கெட்டுப்போனால் என் பெயரைச் சொல்லித் திட்டுங்கள்.

தண்ணீர் திறந்து புதாற்றில் வந்துசேர்ந்த மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு இர்வின் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் இருப்பேன். கரையை ஆய்வு செய்ய வருகிறீர்கள் என்றால் அன்றைக்கு ஒருநாள் ஜீப்பை விட்டுவிட்டு வாருங்கள். வீட்டில் இன்னொரு சைக்கிள் சும்மா நிற்கிறது, கொண்டுவருகிறேன். சீட் கொஞ்சம் உயரம். இறக்கிக்கொள்ள ஸ்பேனரும், ஒட்டத் துண்டு நாலைந்தும் பையில் இருக்கும்.

இப்படிக்கு,
தஞ்சாவூரிலிருந்து ஒரு சைக்கிள்காரன்