தகட்டின் கடன்

அன்பு மகளுக்கு,

சோலார் தகட்டைக் கூரையில் ஏற்றிவிடலாம், ஆனால் அதைச் செய்த ஆலையின் புகையை யார் கணக்கில் எழுதுவது என்று நீ கேட்டிருந்தாய். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல என்பதால் இரண்டு நாள் யோசித்தே எழுதுகிறேன்.

தகடு நெருப்பில்தான் பிறக்கிறது. குவார்ட்ஸ் கல்லைக் கரியுடன் சேர்த்து, 2,000 டிகிரி செல்சியஸை நெருங்கும் மின்வில் உலையில் இடும்போது, கல்லிலுள்ள ஆக்சிஜனைக் கரி கவர்ந்து வாயுவாக வெளியேறுகிறது. எஞ்சியது, வெயிலை மின்சாரமாக்கும் சிலிக்கான். அதை வாயுச் சேர்மமாக்கித் தூய்மை செய்து, மீண்டும் 1,414 டிகிரிக்கு மேல் உருக்கி, ஒற்றைப் படிகமாக இழுத்து, தாளைவிடச் சற்றே தடித்த வில்லைகளாக அறுக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டுத் தூய்மையாக்கியதில் கணிசமான பகுதி அறுக்கும்போதே தூளாகிப் போவது எனக்கு வருத்தமளிக்கிறது. உற்பத்தியின் முக்கியக் கட்டங்கள் ஒவ்வொன்றிலும் 80 விழுக்காட்டுக்கு மேல் சீனாவில் நடப்பதால், இதற்கான மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே வருகிறது. உன் ஐயம் நியாயமானது.

ஆயினும் அந்தக் கடனைத் தகடு விரைவாக அடைத்துவிடுகிறது. தன்னைச் செய்யச் செலவான ஆற்றலை, வெயிலைப் பொறுத்து, ஏறத்தாழ ஓராண்டில் ஈட்டிவிட்டு, அதன்பின் 25, 30 ஆண்டுகள் உழைக்கிறது. உற்பத்தி முதல் கழிவு வரை அனைத்தையும் சேர்த்து, ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2014-இல் தந்த நடுமதிப்பின்படி, ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கூரைத் தகடு 41 கிராம் கரியமில வாயுவுக்கும், நிலக்கரி 820 கிராமுக்கும் பொறுப்பாகின்றன. இருபதில் ஒரு பங்கு. எனவே தகடு பசுமையானதே என்று நான் தயங்காமல் சொல்வேன், ஓரிடத்தைத் தவிர: அதே கணக்கில் நீர்மின்சாரத்துக்கு 24 கிராம்தான். ஏற்கனவே அணைநீரால் மின்சாரம் பெறும் ஊரில் கூரைத் தகடு புகையைக் குறைத்துவிடாது. உன் வீட்டுக் கம்பியில் வருவது எந்த மின்சாரம் என்று முதலில் விசாரித்துக்கொள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது தகட்டின் முடிவுதான். கண்ணாடியையும் அலுமினியச் சட்டத்தையும் மீட்பது எளிது. ஒட்டிக் கிடக்கும் சிலிக்கானையும் வெள்ளியையும் பிரிப்பது கடினம், கம்பிகளை இணைக்கும் பற்றாசில் (சால்டரில்) ஈயமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2012-லேயே பழைய தகடுகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைத்தது. நீ வாங்கும்போது, திரும்பப் பெறுவீர்களா என்று விற்பவரிடம் எழுத்தில் கேள். புதிய வகை வந்துவிட்டதென்று பதினைந்தாம் ஆண்டிலேயே பழையதைக் கழற்றிவிடாதே, கண்ணம்மா. அதன் திறன் ஆண்டுக்கு அரை விழுக்காட்டு அளவில்தான் குறையும்.

அன்புடன்,
அப்பா