மூச்சு வாங்கும் அம்மாவை நடக்க வைத்தவர்களுக்கு

டாக்டர் ஐயாவுக்கும், பிசியோதெரபி தங்கச்சிக்கும், மாத்திரை கொண்டு வந்து தரும் அக்காவுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

நேரில் நன்றி சொல்ல வந்தால் "அதெல்லாம் எங்க வேலைதானே" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். எங்கள் அம்மாவைப் போல மூச்சு வாங்கும் அம்மாக்கள் நிலக்கோட்டையைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்காரர்களுக்கும் இது தெரிய வேண்டும்.

அம்மாவுக்கு வந்திருப்பது சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். கூடவே பி.பி.யும் உண்டு. பீடி, சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விறகடுப்புதான். கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கு விறகு. புகைபிடிக்காத பெண்களுக்கு இந்த நோய் வர அடுப்புப் புகை ஒரு பெரிய காரணம் என்று டாக்டர் ஐயா சொன்ன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

அதற்கு முன்னால் காட்டிய இடத்தில் "ரெஸ்ட் எடுக்கட்டும், அலைய விடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மாவும் அப்படியே உட்கார்ந்தார். முதலில் பூ மார்க்கெட்டுக்குப் போவது நின்றது. பிறகு கடைத்தெரு. பிறகு அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவே மட்டும்தான் நடை. கெண்டைக்கால் சதை கரைந்து, சேலையை உதறிக் கட்டுவதற்குள் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்குகிறதே என்று உட்கார, உட்கார்ந்ததால் கால் வலுவிழக்க, வலுவிழந்த காலால் சின்ன வேலைக்கும் மூச்சு வாங்க, இப்படியே போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் ஐயா, உங்களுக்கு நான் முதலில் நன்றி சொல்வது அந்த ஓ.பி. சீட்டுக்காக. வாக்கிங் போங்க என்று எல்லா டாக்டரும்தான் சொல்கிறார்கள். சீட்டை மடித்துக் கையில் கொடுக்கும்போது போகிற போக்கில் சொல்வது அது. நீங்கள் இன்ஹேலருக்கு எழுதியது போலவே அதற்குக் கீழே எழுதினீர்கள்: நடை, காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம், வாரம் 5 நாள், பிசியோ பார்த்துக் கூட்டவும். அளவு போட்டு எழுதியதால் அம்மா அதை மருந்தாக எடுத்துக்கொண்டார். சீட்டில் இருப்பதைத் தவறவிடுகிற ஆள் இல்லை அவர்.

பிசியோ தங்கச்சிக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. பெரியாஸ்பத்திரி நடைக்கூடத்தில் 30 மீட்டருக்கு அளந்து இரண்டு பக்கமும் அடையாளம் வைத்து, விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டி, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடிகிறதோ அவ்வளவு நடங்கம்மா என்றாய். பாதியில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "நிக்கலாம்மா, தப்பே இல்ல. கடிகாரம் மட்டும் ஓடும். முடிஞ்சா திரும்ப நடங்க" என்றாய். மூச்சுத்திணறல் 0-லிருந்து 10-க்குள் எத்தனை என்று கேட்டாய். வந்த நோவைத் தானே எண்ணில் சொல்லும்படி அதுவரை யாரும் அம்மாவைக் கேட்டதில்லை. அன்றைக்கு நடந்தது 195 மீட்டர்.

பிறகு நீ கற்றுக்கொடுத்தவை. மூக்கால் இரண்டு எண்ணி இழுத்து, உதட்டைக் குவித்து நாலு எண்ணி ஊத வேண்டும். "விளக்கு அணையக் கூடாதும்மா, சுடர் ஆடணும், அவ்வளவு மெதுவா" என்று சொன்னாயே, அது அம்மாவுக்கு உடனே பிடிபட்டது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோளுக்கு மேலே தூக்கி இறக்குவது. நடக்கும் முன் இன்ஹேலரை ஸ்பேசர், அதாவது மருந்து நெஞ்சுக்குள் சரியாகப் போக மாட்டும் குழாய் வைத்து இழுப்பது. திணறல் 3, 4 வரை போகலாம், அது பயப்படும் மூச்சு இல்லை, வேலை செய்யும் மூச்சு. விரல் கிளிப்பில் ஆக்சிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். எது வரைக்கும் போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற இரண்டும் தெரிந்த பிறகு அம்மா முகத்திலிருந்த பயம் குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நீ பொய் ஆறுதல் சொல்லவில்லை. அதற்காகவும் நன்றி. "நுரையீரல் பழையபடி ஆகாதும்மா. ஆனா கால் சதை பழகிட்டா அதே வேலைக்குக் கம்மி காத்து போதும்" என்று தெளிவாகச் சொன்னாய். அப்படியேதான் நடந்தது. அடுத்து நுரையீரல் அளவு பார்க்கும் கருவியில் ஊதிப் பார்த்தபோது அளவு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அதே நடைக்கூடத்தில் அதே ஆறு நிமிடத்தில் 250 மீட்டர். 30 மீட்டர் கூடினாலே ஆளுக்கு வித்தியாசம் தெரியும் என்றாய். இப்போது அம்மா தானே தலைக்குக் குளித்து, கொல்லையில் துணி காயப்போடுகிறார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை கட்டுகிறார்.

மக்களைத் தேடி மருத்துவம் அக்கா, பி.பி. மாத்திரையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நீங்கள் போயிருக்கலாம். காலண்டரில் அம்மா போட்ட டிக்கை எண்ணிப் பார்த்து, விட்டுப்போன நாளுக்குக் காரணம் கேட்டு, வீட்டுக்கு வரும் பிசியோவுக்கு நீங்களே போன் போட்டீர்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இந்தத் திட்டம் தொடங்கியபோது மாத்திரை விநியோகத்தைத்தான் எல்லாரும் பெரிதாகப் பேசினார்கள். வீட்டிலேயே பிசியோதெரபி என்பதும் அதிலேயே இருந்தது. எங்கள் வீட்டுக்கு அதுதான் பெரிய உதவி. 2024-ல் ஐ.நா. விருது கிடைத்ததே, அதில் வெயிலில் நடந்து வந்த உங்கள் கால்களுக்கும் பங்கு உண்டு.

டீக்கடை அண்ணன் வாசலில் ஒரு பெஞ்சை அம்மாவுக்கென்றே காலியாக விட்டு வைக்கிறார். ரேஷன் கடைப் படி அடுத்த நிறுத்தம். எதிர்வீட்டு மதினி, தன் சர்க்கரைக்கும் ஆகும் என்று சொல்லிக் கூடவே நடக்கிறார். தெரு நாய்களை விரட்ட முன்னால் ஓடும் பிள்ளைகளுக்கும், சாயங்காலம் பள்ளி மைதானத்தைத் திறந்துவிடும் தலைமை ஆசிரியருக்கும் எங்கள் நன்றி. சென்னை ஏசியாட் காலனியில் சர்க்கரை நோய் ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னதைக் கேட்டு, குடியிருந்தவர்களே காசு போட்டுப் பூங்கா அமைத்தார்கள். அதற்கு முன் 100-க்கு 14 பேர் உடற்பயிற்சி செய்த இடத்தில் பிறகு 59 பேர் ஆனார்கள். நம் தெருவிலும் அது முடியும்.

அதிகாரிகள் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள். 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கினீர்கள், நல்ல காரியம். அதோடு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பக்கத்திலும் மேடு பள்ளமில்லாத 200 மீட்டரும், நடுநடுவே உட்கார பெஞ்சும், வாரத்தில் சில நாளாவது ஒரு பிசியோவும் வேண்டும். பி.பி., சர்க்கரை உள்ளவர்களுக்கும் வாரம் 150 முதல் 300 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்று 2020-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அவ்வளவு முடியாதவர்கள் முடிந்ததைச் செய்தாலும் பலன் உண்டு என்றும் சொல்கிறது. எவ்வளவு முடியும் என்று பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்லத்தான் எங்களுக்கு ஆள் தேவை.

தங்கச்சி, உனக்கு வேறு ஊருக்கு மாறுதல் வரலாம் என்று கேள்விப்பட்டோம். அம்மாவுக்கு அடுத்த ஆறு நிமிட நடை தை மாதம். நீ எந்த ஊரில் இருந்தாலும் எத்தனை மீட்டர் என்று அன்றைக்கே போனில் சொல்லிவிடுவோம். இன்னொன்றும் சொல்லச் சொன்னார் அம்மா: போகும் முன் ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டுமாம். சமையல் கேஸ் அடுப்பில்தான். இப்போது வெந்நீரும் அதில்தான்.

நன்றியுடன்,
பூக்கட்டும் அம்மாவின் மகள்,
நிலக்கோட்டை