பதினொரு தட்டுகளைப் பற்றி மகனுக்கு

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் ஊர் வந்து சேர்ந்து பன்னிரண்டு நாளாகிறது. உன் அப்பா வந்த மறுநாளே தோட்டத்துக்குப் போய், நாங்கள் இல்லாத மூன்று வாரமும் மஞ்சளுக்குக் களையெடுக்காமல் விட்டதற்காக ஆட்களைச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், பாரிசில் நாம் பதினொரு தட்டுகளாக ஒவ்வொன்றாய்ப் பரிமாறிச் சாப்பிட்ட உணவகத்திலிருந்து கருத்துக் கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது, என்ன எழுதட்டும் என்று கேட்டுச் சிரித்தாய். நான் பேச்சை மாற்றியதற்குக் காரணம், பக்கத்தில் உன் அத்தை உட்கார்ந்திருந்ததுதான். அந்தச் சாப்பாட்டின் விலை அவள் காதில் விழுந்தால் சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே பதிலை எழுத்தில் தருகிறேன்.

அன்றிரவு பாதாள இரயிலில் திரும்பும்போது, "இதெல்லாம் உங்களுக்கு ஒத்துவராது என்று நான் முன்பே யோசித்திருக்க வேண்டும், தப்பு என்னுடையது" என்று நீ சொன்னாய். எங்களை நோகடிக்கச் சொல்லவில்லை என்பது தெரியும். ஆனாலும் அந்தச் சாப்பாட்டில் எனக்கு உறுத்தலாக நிற்பது அந்த ஒரு வாக்கியந்தான். எங்கள் நாக்குக்குப் பழக்கமில்லாததால் பிடிக்கவில்லை என்று நீ முடிவு கட்டிவிட்டாய். இரண்டு நாள் கழித்து லியோன் நகரத்தில், மேசைவிரிப்புக்குக் கட்டம்போட்ட துணி விரித்திருந்த அந்தச் சிறிய சாப்பாட்டுக் கடையில், ஆற்றுமீனை அரைத்து மாவும் முட்டையும் சேர்த்துப் பிடித்து வேகவைத்த கெனெல் என்ற பண்டத்தை உன் அப்பா இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே, அதுவும் அவர் பிறந்ததிலிருந்து கேள்விப்படாத பண்டந்தானே? பழக்கமில்லாததற்கும் சரியாகச் சமைக்காததற்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்குத் தெரியும், கண்ணு.

பிராங்க்பர்ட்டிலிருந்து போகும் வழியில் அந்த விண்மீன் கதையை நீ உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தாய். மிஷெலின் டயர் கம்பெனிக்காரர்கள் 1900-ஆம் ஆண்டில் கார் வைத்திருப்பவர்களுக்காக ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார்கள், 1926 முதல் நல்ல சாப்பாட்டுக்கு விண்மீன் கொடுக்கத் தொடங்கினார்கள், 1931-இல் அது மூன்று விண்மீன் வரை வளர்ந்தது என்றெல்லாம் சொன்னாய். சரித்திர ஆசிரியையாக இருந்தவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஜனங்கள் ஊர் சுற்றினால்தானே டயர் தேயும் என்று அப்பா சொன்னதும், சங்ககிரிப் பக்கத்தில் எத்தனை லாரி நிற்கிறது என்று பார்த்துச் சாப்பிடப் போகும் கணக்குத்தான் இது என்று சேர்த்துக்கொண்டதும் உனக்கு நினைவிருக்கும். நாம் போன இடத்துக்கு இன்னும் விண்மீன் கிடைக்கவில்லை, அடுத்த ஆண்டு கிடைத்துவிடும் என்று பேசிக்கொள்கிறார்கள் என்றாய். அந்த ஆசைதான் அவர்களைக் கெடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் மீனைச் சொல்கிறேன். ஒவ்வொரு பதார்த்தமாகக் கொண்டுவந்து வைக்கும் வழக்கம் பிரான்சுக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யர்களிடமிருந்து வந்ததுதான். அதற்கு முன் அங்கேயும் விருந்தென்றால் மேசை முழுவதும் தட்டுகளைப் பரப்பி வைத்துவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், கைக்கு வருவதற்குள் பாதி ஆறிப்போயிருக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு ஒவ்வொன்றாக வரட்டும் என்பதுதான் புதிய முறையில் இருந்த நியாயம். நமக்கு ஐந்தாவதாக வந்த மீன் ஆறியிருந்தது. அதன்மேல் பூக்களைக் குறட்டால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்ததை நான் திறந்த சமையலறையின் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பூ வைத்த நேரத்தில் மீன் ஆறிவிட்டது. பந்தியில் ரசம் ஆறியிருந்தால் உன் தாத்தா இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார் என்று சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை, முழுவதையும் சாப்பிட்டேன்.

அடுத்தது அந்த மஞ்சள் நுரை. பரிமாறிய பையன் வெகு மரியாதையாக நின்றுகொண்டு, மஞ்சள் என்பது இந்தியாவில் விளையும் ஒரு கிழங்கு என்று தொடங்கி நமக்கு விளக்கினான். உன் அப்பா சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்ததை நான் இன்றுவரை மெச்சுகிறேன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சீமையிலிருந்து ஒரு வெள்ளாமைக்காரர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஆனால் நுரையை வாயில் வைத்ததும் பச்சை வாடை அடித்தது. வெட்டிய கிழங்கைக் கொப்பரையில் வேகவைத்து, களத்தில் பத்துப் பதினைந்து நாள் காயவைத்து, மெருகேற்றி, அரைத்து, அதற்குப் பிறகும் எண்ணெயிலோ கொதியிலோ போட்டால்தான் மஞ்சளின் பச்சை வாடை போகும். அதனுடைய நிறமும் குணமும் எண்ணெயில்தான் இறங்கும், தண்ணீரில் சரியாக இறங்காது. அந்தச் சமையல்காரர் பச்சைக் கிழங்கைச் சாறெடுத்துச் சூடுகாட்டாமல் பாலேட்டோடு அடித்து நுரையாக்கியிருக்க வேண்டும். எட்டாங்கிளாஸ் படிக்கும் நம் ஊர்ப் பெண்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

வாத்து உள்ளே சிவப்பாக இருந்ததை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அது அவர்கள் முறை. ஆனால் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு உருகாமல் ரப்பர்போல் கிடந்தது எந்த முறையிலும் சேராது. உப்புக்குள் புதைத்துச் சுட்ட பீட்ரூட்டும், இரண்டு கரண்டிக் குளிர்ந்த பட்டாணிச் சாறும், இனிப்பென்று வந்த மூன்றும் நினைவில் நிற்கவில்லை.

இதையெல்லாங்கூட விட்டுவிடலாம். என்னால் விட முடியாதது ரொட்டி விஷயந்தான். அப்பா சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடும் சர்க்கரை மாத்திரையை ஏழு மணிக்கே போட்டுவிட்டார். ஏழரைக்கு உட்கார்ந்தோம். எட்டு நாற்பது வரை வந்த மூன்று தட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு கவளம் தேறாது. அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதை நீயும் பார்த்தாய். ரொட்டி கொஞ்சம் கொடுங்கள் என்று நீ கேட்டதற்கு, ரொட்டி நான்காவது பதார்த்தம், அதற்குரிய முறையில் வரும் என்று புன்னகையோடு சொல்லிவிட்டுப் போனார்கள். நீ மறுபடி கேட்கவில்லை. நான் கைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து மேசைக்கடியில் அவர் கையில் கொடுத்தபோது, யாராவது பார்க்கிறார்களா என்று நீ சுற்றிப் பார்த்தாய். அவருக்குச் சர்க்கரை வியாதி என்று நானே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். உனக்குச் சங்கடமாக இருக்குமோ என்று வாயைக் கட்டிக்கொண்டேன். அது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பசித்தவன் கேட்ட ரொட்டியை வரிசைப்படிதான் தருவோம் என்று சொல்லும் இடத்தை நான் சாப்பாடு போடும் இடமாகக் கருதமாட்டேன்.

தண்ணீரும் அப்படித்தான். குழாய்த் தண்ணீர் கேட்டால் காசில்லாமல் கொடுக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம் என்று நீயேதான் முதல்நாள் சொன்னாய். அங்கே கேட்கக் கூச்சப்பட்டு, 8 யூரோ வீதம் மூன்று புட்டிகள் வாங்கினாய். ஆளுக்கு 145 யூரோ, தண்ணீர் தனி. பரிமாறும் கூலி விலையிலேயே அடக்கம் என்று தெரிந்தும் மேற்கொண்டு 20 யூரோ வைத்தாய். எல்லாம் சேர்த்து நம் காசுக்கு 40,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது என்று அப்பா அறைக்கு வந்து கணக்குப் போட்டார். பணத்துக்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் முப்பத்தைந்தாவது திருமண நாளுக்கென்று நீ மூன்று மாதம் முன்பே இடம் பதிந்து வைத்திருந்தது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கடைசியில் அந்தச் சமையல்காரரே வெளியே வந்து, எப்படி இருந்தது என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டதாகத்தான் எனக்குப் பட்டது. நீ "மிகப் பிரமாதம்" என்றாய். அவரிடம் பிரமாதம் என்றும் எங்களிடம் மன்னிப்பும் சொன்னாய். அதை மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை; அவரிடம் மீன் ஆறியிருந்தது என்று மட்டும் சொல்லியிருந்தால், எங்களிடம் ஒன்றுமே சொல்லவேண்டி வந்திருக்காது.

ஆகவே மின்னஞ்சலுக்குப் பதில் எழுது. திட்டி எழுதாதே, இளம் வயதுச் சமையல்காரர், கைப்பழக்கம் நன்றாக இருக்கிறது. மீன் ஆறியிருந்தது, மஞ்சளைச் சூடான கொழுப்பில் வதக்காமல் சேர்க்கக்கூடாது, வாத்தின் தோலை இன்னும் நிதானமான தீயில் வைக்க வேண்டும், பசிக்கிறது என்று கேட்பவருக்கு ரொட்டியை உடனே தர வேண்டும் என்று எழுது. உன் பெயரிலேயே எழுது. ஊரிலிருந்து வந்த என் பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்று எங்கள்மேல் போடாதே.

இதை எழுதும்போது அப்பா பின்னால் நின்று படித்துவிட்டார். நான்காவதாக வந்த ரொட்டியும், அதோடு வைத்த உப்பு வெண்ணெயும் ஊத்துக்குளி வெண்ணெய்க்குக் குறைந்ததில்லை, அதையும் கட்டாயம் எழுதச் சொல் என்கிறார்.

அன்புடன்,
அம்மா